கண்ணில் படுகிற நிறம்

சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த காரைத் துண்டை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு கலர்க்காரர் பெயின்ட் கடை வாசலுக்கு வருகிறார். உள்ளே எரிகிற குழல் விளக்கை அவர் நம்புவதில்லை. இடது கண்ணை மூடிப் பார்க்கிறார், பிறகு வலது கண்ணை. துண்டை வெயிலுக்கு ஒருமுறை காட்டுகிறார், நிழலுக்கு ஒருமுறை. திரும்பிப் போய், மெஷின் கலந்து கொடுத்த டின்னில் கறுப்பு ஒரு சொட்டு விட்டு மறுபடி குலுக்க வைக்கிறார். அட்டையில் கொஞ்சம் தடவி, ஹேர் டிரையரால் காய வைத்து, மீண்டும் வாசலுக்கு வருகிறார்.

வாடிக்கையாளர் பொறுமை இழந்து, "அதான் மெஷின் சொல்லிடுச்சே, இன்னும் என்ன பார்க்குறீங்க?" என்கிறார்.

"மெஷின் சொன்னது புதுச் சுவருக்கு. உங்க சுவர்ல நாலஞ்சு வருஷத்து அழுக்கு இருக்கு. அதையும் சேர்த்துக் கலந்தாத்தான் ஒட்டுப் போட்டது தெரியாது. ஈரத்துல பார்த்துட்டு ஓடாதீங்க. காயட்டும். கலர் இன்னும் பேசி முடிக்கல."

தெருவில் அவருக்குக் கலர்க்காரர் என்றுதான் பெயர். ஷேடு கார்டில் நிறங்களுக்கு அச்சடித்திருக்கிற பெயர்களை அவர் வாயால் சொன்னதில்லை. ஒரு நீலத்துக்கு 'மழைக்கு முன்னாடி', ஒரு வெள்ளைக்குப் 'பழைய தலையணை உறை', ஒரு பச்சைக்கு 'ஆஸ்பத்திரித் திரை'. "உங்க ஹாலுக்குத் தலையணை உறை நல்லா இருக்கும்" என்று சொல்லி, புதிதாக வந்த தம்பதியைத் திகைக்க வைப்பார். வேலை நேரம் முழுக்க முழங்கால் வரை தொங்கும் சாம்பல் நிறக் கோட்டு ஒன்று அவர் உடம்பில் இருக்கும். கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். கோடையிலும் கழற்ற மாட்டார்.

மாலையில் கடையை விட்டுக் கிளம்பும்போதுதான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். உள்ளே அடங்கிக் கிடந்த ஆரஞ்சுச் சட்டை அப்போது வெளியே வரும். சாதாரண ஆரஞ்சு இல்லை. பார்க்கிறவர் கண்ணைச் சுருக்க வைக்கிற ஆரஞ்சு. வழுக்கைத் தலையும் நரைத்த மீசையுமாக அந்தச் சட்டையில் அவர் நடந்து போவதை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எதிர்த்த டீக்கடைக்காரர் மட்டும் தலையைத் தூக்காமலே, "வெளிச்சம் வருது, டீயைப் போடு" என்பார்.

நேற்றும் அதே சட்டைதான். நாளைக்கும் அதே நிறம்தான். இது ஆசைப்பட்டுப் போட்ட சட்டை இல்லை.

கடையில் இரண்டு வெள்ளைக்கு நடுவில் மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிக்கிற இந்த மனிதருக்கு, வீட்டுக்குள் நுழைந்தால் யானை நின்றாலும் தெரியாது. மூக்குக் கண்ணாடி, சாவி, சீப்பு, ஒரு ஜோடியில் ஒரு செருப்பு என்று கல்யாணமான நாளிலிருந்து எதையாவது தேடிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அலமாரிக் கதவைத் திறந்து, முன்னால் நின்று, "இங்க இல்ல" என்று அறிவிப்பது அவர் வழக்கம். சமையலறையில் இருக்கும் மனைவி எழுந்துகூட வர மாட்டார்.

"நடுத் தட்டு, இடது பக்கம், துண்டுக்கு அடியில. கண்ணை மூடிக்கிட்டுக் கையை விடுங்க. திறந்து வெச்சா உங்களுக்குக் கிடைக்காது."

கையை விட்டால் இருக்கும்.

அந்த அம்மா தபால் பிரிக்கும் வேலையில் இருந்தவர். குவிந்து கிடக்கும் உறைகளில் கோணல் எழுத்தையும் மழையில் கரைந்த எழுத்தையும் ஒரே பார்வையில் படித்து, அலமாரியில் சரியான பொந்துக்குள் எறிந்து பழகிய கண். கடுகு டப்பாவில் விழுந்த கம்மல் திருகாணியை எடுத்துக் கொடுத்த கண். மகளின் பள்ளி ஆண்டு விழாவில், ஒரே மாதிரி உடுத்தி ஒரே மாதிரி ஆடிய பிள்ளைகளில், "நம்ம பொண்ணு பின் வரிசை, சாக்ஸ் இறங்கியிருக்கு பாருங்க" என்று சொன்னதும் அதே கண்தான். கலர்க்காரர் அன்றைக்கு ஆட்டம் முடியும்வரை வேறொரு பிள்ளையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கண்ணுக்குத்தான் ஒரு நாள் மேசை மேலிருந்த கத்தரிக்கோல் தெரியாமல் போயிற்று. அம்மா அதற்கு நேரே நின்றுகொண்டு தேடினார். கலர்க்காரர் சிரித்தார். "வா வா, நம்ம கட்சிக்கு வந்துட்டியா? தலைவர் பதவி மட்டும் கேட்காதே." அம்மாவும் சிரித்தார். பிறகு அது அடிக்கடி நடக்க ஆரம்பித்தது. சாமான்கள் அடுக்கிய தட்டின் முன்னால் நின்று, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே உப்பைத் தேடினார். தபால் பொந்துகளில் உறைகளை எறிந்த கை, ஒரு தேக்கரண்டியை எடுக்கத் தயங்கியது. கலர்க்காரருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

கண் டாக்டரிடம் போனார்கள். எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை அம்மா தடுமாறாமல் படித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொன்ன அந்த டாக்டரே, பெரிய ஆஸ்பத்திரியின் நினைவுப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே பல பரிசோதனைகள் முடிந்து மூத்த டாக்டர் அவர்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். மறதி நோய். ஆரம்பக் கட்டம். பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. பத்துப் பொருளில் நமக்கு வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுக்கிற வேலையை மூளை செய்கிறதே, அதில்தான் தளர்ச்சி. மெதுவாகப் போகும், ஆனால் பின்னால் திரும்பாது.

வெளியே வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மா கேட்டார். "உங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தானே இருக்கு. உங்களை ஏன் ஒரு டாக்டரும் பார்க்கல?"

தனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன என்று கலர்க்காரர் பிற்பாடு சொன்னார். எது முதலில் வந்தது என்று சொல்லவில்லை.

கேட்டபடியே அவரையும் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மறதி நோய் உள்ளவர்கள் ஒரு பொருளை எப்படித் தேடுகிறார்கள், அதே வயதில் நோய் இல்லாதவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி. நோயாளிகளைவிட நோயில்லாதவர்கள் கிடைப்பதுதான் அங்கே கஷ்டம். பரிசோதனை செய்கிற பெண், துணைக்கு வந்த கலர்க்காரரைப் பிடித்துக்கொண்டாள். "சார், நீங்க ஆரோக்கியமானவங்க பட்டியல்ல வரீங்களா?"

"தாராளமா. ஆனா என் வீட்டுல விசாரிக்காதீங்க."

இருட்டாக்கிய சின்ன அறையில் ஒரு திரை. தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொள்ள வேண்டும். கண் எங்கெங்கே போகிறது என்று ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். முதல் சுற்றில், திரை நிறையப் பச்சைக் கோடுகள், நடுவில் எங்கேயோ ஒரே ஒரு சிவப்புக் கோடு. கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். கலர்க்காரர் பட்டுப் பட்டென்று அழுத்தினார். அம்மாவும் அப்படித்தான். சில முறை அவரையும் முந்திக்கொண்டு அழுத்தினார்.

இரண்டாம் சுற்றில் சாய்ந்த சிவப்புக் கோட்டைத் தேட வேண்டும். ஆனால் சுற்றிலும் நேரான சிவப்புக் கோடுகளும் சாய்ந்த பச்சைக் கோடுகளும் கலந்து கிடந்தன. நிறத்தையும் பார்க்க வேண்டும், சாய்வையும் பார்க்க வேண்டும். கலர்க்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடி, ஒருவாறு தேறினார். அம்மாவின் கண் பார்த்த இடத்தையே மறுபடி பார்த்தது, ஒரு மூலைப் பக்கம் போகவே இல்லை, கடைசியில் நடுவில் வந்து நின்றுவிட்டது. "எல்லாம் ஒண்ணு போல இருக்கே, கண்ணு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

அந்தப் பெண் கலர்க்காரரைத் தனியே கூப்பிட்டு விளக்கினாள். "தேடுற பொருள் ஒரே ஒரு விஷயத்துல பளிச்சுன்னு வேறயா இருந்தா, அதுவே கண்ணைக் கூப்பிட்டுடும் சார். அந்த வழி அம்மாவுக்கு இன்னும் நல்லாவே இருக்கு. ரெண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்த்துப் பிரிக்கணும்னா, அங்கதான் கஷ்டப்படுறாங்க."

அன்றைக்கு மாலை வெளியூரில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் அவர் சொன்னதில் பாதிதான் விவரம், மீதி பெருமை. "உங்கம்மாவும் நானும் ஒண்ணா பரீட்சை எழுதினோம். முதல் பேப்பர்ல அவ என்னை ஜெயிச்சுட்டா. ரெண்டாவது பேப்பர் கொஞ்சம் கஷ்டம். என்னை ஆரோக்கியமானவர்னு பதிஞ்சிருக்காங்க, தெரியுமா?"

மகள் சிரிக்கவில்லை.

பளிச்சென்று வேறாக இருந்தால் போதும் என்ற சொல், பெயின்ட் கடையில் வேலை பார்க்கிற மனிதரின் காதில் விழுந்தால் என்ன ஆகும்? கடையில் மீந்துபோன டின்களையெல்லாம் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார். விடுமுறை நாளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். குளியலறைக் கதவு மஞ்சள். படுக்கையறைக் கதவு சிவப்பு. சமையலறை அலமாரி கிளிப்பச்சை, வாசல் கதவு நீலம், ஸ்விட்சுப் பலகைகள் ஊதா. கை எட்டிய இடமெல்லாம் தூரிகை போயிற்று. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "அங்க ஒரு இடம் விட்டுட்டீங்க" என்று மேற்பார்வை பார்த்தார். இருவருக்கும் அது நல்ல பொழுதாகத்தான் இருந்தது.

மறுநாள் அம்மா தோளில் துண்டோடு கூடத்தின் நடுவில் நின்றார். ஒரு கதவைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். நகரவில்லை.

"என்னம்மா, குளிக்கப் போகல?"

"எல்லாமே கூப்பிடுதுங்க. எதுக்குப் போறதுன்னு தெரியல."

கலர்க்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடையில் வருகிறவர்களுக்கு அவரே எத்தனை முறை சொல்லியிருப்பார், எல்லாச் சுவரையும் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் அடித்தால் ஒரு சுவரும் தெரியாது என்று. அன்றைக்கு மாலையே பழைய தலையணை உறை நிறத்தில் ஒரு பெரிய டின் கலந்து எடுத்து வந்தார். கூடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற எல்லாவற்றையும் அந்த வெளிறிய நிறத்தில் அமுக்கினார். குளியலறைக் கதவை மட்டும் மஞ்சளாக விட்டார். மேசை மேல் இருந்த பாட்டில், பை, பழைய பத்திரிகை எல்லாவற்றையும் அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். வெறும் மேசையில் அம்மாவின் சிவப்புக் குவளை ஒன்று மட்டும். அம்மா இப்போது தயங்காமல் நடந்தார்.

அந்த வெளிறிய நிறத்தை அவர் பாதி அடித்திருந்தபோதுதான் மகள் சொல்லாமல் வந்து நின்றாள். ஒரு பக்கம் கிளிப்பச்சை, ஒரு பக்கம் வெளிறிய வெள்ளை, நடுவில் முகமெல்லாம் பெயின்ட்டோடு அப்பா. கையிலிருந்த பெட்டியை அவள் கீழே வைக்கவில்லை.

"என்னப்பா இது, வீடா சர்க்கஸ் கூடாரமா?"

"சர்க்கஸ் நேத்தோட கிளம்பிடுச்சு. இப்ப கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டு இருக்கேன்."

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போகிறாள். தன் வீட்டில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறாள். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் பேசி வைத்திருக்கிறாள். அப்பா வேலையை விட்டுவிட்டு வந்தாலும் சரி, விடுமுறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாலும் சரி.

"இங்கேயே நான் பார்த்துப்பேன்மா. பகல்ல பக்கத்து வீட்டு அக்கா இருக்காங்க. மத்தியானம் நான் வந்துட்டுப் போறேன்."

"அப்பா, கோபப்படாதீங்க. உங்க கண்ணாடி எங்க இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது. அம்மா எங்கேயாவது போயிட்டாங்கன்னா நீங்க எப்படித் தேடுவீங்க?"

கண்ணாடி அப்போது அவர் நெற்றியில் இருந்தது. மகள் அதைச் சொல்லாமல் விட்டாள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று அவர் கெஞ்சிக் கேட்டதற்காக மட்டும் தனியாகத் திரும்பிப் போனாள்.

அவள் பயந்தது சந்தையில் நடந்தது. விடுமுறை நாள், தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். அம்மாவை ஒரு விளக்குக் கடை வாசலில் நிற்க வைத்துவிட்டு, எதிரே வெங்காயம் நிறுத்து வாங்கத் திரும்பினார். பையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் விளக்குகள் இருந்தன, அம்மா இல்லை. கலர்க்காரர் பையோடு கூட்டத்துக்குள் புகுந்தார். இந்தப் பக்கம் ஓடினார், அந்தப் பக்கம் ஓடினார். விளக்குக் கடைக்காரர், "என்ன கலர் உடுத்தியிருந்தாங்க?" என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊரார் சுவரின் அழுக்கைக்கூடக் கணித்துச் சொல்கிறவர், காலையில் கூடவே கிளம்பி வந்தவளின் உடையைப் பார்க்கவில்லை.

அம்மா தொலைவில் போகவில்லை. கோணி மூட்டைகள் அடுக்கியிருந்த முனையில், ஒரு மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னங்க, வீட்டுக்குப் போலாம். எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு அறுபதைத் தாண்டிய வயது. நரைத்த மீசை, சாம்பல் நிறச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. "நீங்க யாரைத் தேடுறீங்கம்மா?" என்று பதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கையை உதறவில்லை.

கலர்க்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அவரும் சாம்பல் நிறச் சட்டை, நரைத்த மீசை, கையில் துணிப்பைதான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"எல்லாரும் ஒண்ணு போல இருக்கீங்களே" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை, குழப்பம்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாக வேடிக்கை பார்த்தார். கலர்க்காரருக்கு மட்டும் மனசு ஒரு நிலையில் இல்லை. சாம்பல் நிறம் அவர் தொழிலோடு வந்தது. கலர் பார்க்கிறவன் உடம்பில் கலர் இருக்கக் கூடாது, சட்டையின் சாயல் டின்னில் விழுந்து கண்ணை ஏமாற்றிவிடும் என்று வேலை கற்ற காலத்தில் சொன்னார்கள். அன்றிலிருந்து கடைக்கும் அதுதான், கல்யாண வீட்டுக்கும் அதுதான். இத்தனை நாளும் அவளை எப்படித் தேடுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தார். அவளோ அந்த நேரம் முழுக்க அவரைத்தான் தேடியிருக்கிறாள். திரை நிறையச் சாம்பல் கோடுகள், அதில் ஒரு சாம்பல் கோட்டைப் போய் எப்படிப் பிடிப்பாள்?

அடுத்த விடுமுறையில் அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, சந்தைக்கு மேலே போகிற நடைபாலத்தில் ஏறி நின்றார். ஷேடு கார்டை விரித்துக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு கீழே போகிற கூட்டத்தைப் பார்த்தார். வெள்ளை, சாம்பல், நீலம், கறுப்பு ஆறாக ஓடின. சிவப்பு அங்கங்கே இருந்தது. பச்சையும் இருந்தது. மஞ்சள், பிள்ளைகள் மேல். ஒரு போலீஸ்காரர் வந்து, "பெரியவரே, இங்க என்ன பண்றீங்க?" என்று விசாரித்தார்.

"யாரும் போடாத கலர் எதுன்னு பார்க்குறேன்."

போலீஸ்காரரும் கொஞ்ச நேரம் கூடவே நின்று பார்த்தார். ஆரஞ்சு என்று முதலில் சொன்னது அவர்தான்.

துணிக்கடையில், இது கல்லூரிப் பையன்கள் எடுக்கிற துணி என்று எச்சரித்தார்கள். அவர் ஒரு சுருளையே வாங்கினார். தையற்காரர் அளவெடுத்துக்கொண்டே கேட்டார். "எல்லாமே ஒரே கலரா? யூனிஃபார்மா சார்?"

"ஆமா."

"எந்தக் கம்பெனி?"

"சின்னக் கம்பெனிதான். ரெண்டே பேர்."

கடையில் அதனால் சிக்கல் வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட வெளிறிய சந்தன நிறத்தை, ஆரஞ்சுச் சட்டையோடு வாசலில் நின்று சரிபார்த்துக் கொடுத்துவிட்டார். சுவரில் அது சோகை பிடித்த பச்சையாகக் காய்ந்தது. பாதி ஹால் அடித்துவிட்டு அந்த மனிதர் கடைக்கு வந்து சத்தம் போட்டார். கலர்க்காரர் தலைகுனிந்து நின்றார். இந்த வேலையில் அவர் கலந்த நிறம் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. முதலாளி அவரைவிடப் பத்திருபது வயது சின்னவர். வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு உள்ளே கூப்பிட்டார்.

"அண்ணே, இந்த வயசுல என்ன அண்ணே இந்தச் சட்டை? நாளைக்கே பழைய சட்டைக்கு மாறிடுங்க."

"மாற முடியாது தம்பி. வேணும்னா வேலையை விட்டுடுறேன்."

பிறகுதான் காரணத்தைச் சொன்னார். சந்தையில் அம்மா யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னார். முதலாளி பேனாவை மூடித் திறந்தார், திறந்து மூடினார். மறுநாள் அவரே ஒரு கோட்டு வாங்கி வந்து ஆணியில் மாட்டினார். அசல் சாம்பல். "சட்டை அண்ணிக்கு, கோட்டு கடைக்கு" என்றார்.

இப்போது அம்மாவுக்கு மாலை நேரம் பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். தெருமுனை திரும்பும்போதே, எத்தனை பேர் வந்தாலும் அவர்களுக்கு நடுவில், அந்தச் சட்டை அவர் கண்ணுக்குத் தட்டுப்பட்டுவிடும். "கம்பெனிக்காரர் வந்துட்டார்" என்பார் அக்கா. சில நாள் கலர்க்காரரின் பெயரை அம்மா சட்டென்று சொல்ல மாட்டார். ஆள் யாரென்பதில் சந்தேகமில்லை. இவர் பங்குக்கு, தினமும் அம்மா உடுத்தியிருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்புகிறார். "இன்னைக்கு மழைக்கு முன்னாடி நீலம், வெள்ளைப் புள்ளி." அம்மாவுக்கு அது கேட்க நன்றாக இருக்கிறது. அலங்காரத்தைப் புகழ்வதாக நினைத்துக்கொள்கிறார், கலர்க்காரர் மறுப்பதில்லை. மூக்குக் கண்ணாடியை மட்டும் அவர் இன்னமும் தேடுகிறார். இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள், கிடைக்காவிட்டால் டீ போட்டுக் குடிக்கிறார்கள்.

நினைவுப் பிரிவுக்குத் தவறாமல் போகிறார்கள். பரிசோதனை செய்கிற பெண் அவர் சட்டையைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மனசில்லாமல் ஒன்றைச் சொன்னாள். "நல்ல யோசனை சார். ஆனா ஒரு நாள் இதுவும் போதாமப் போகலாம்."

"போகட்டும்மா. அது அன்னைக்குக் கவலை. இன்னைக்குக் கடை திறந்திருக்கு."

சென்ற மாதம் மகள் மறுபடி வந்தாள். இந்தமுறை முடிவோடு வந்திருந்தாள். வீட்டில் மஞ்சள் கதவையும் வெறும் மேசையையும் பார்த்தாள். அம்மா தானே போய்க் குளித்துவிட்டு வருவதையும் பார்த்தாள். ஆனாலும் கிளம்புகிற அன்று, "வீட்டுக்குள்ள சரிப்பா. வெளியில? அடுத்த மாசம் வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றாள். கலர்க்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வழியனுப்ப அம்மாவோடு வந்தார்.

பிளாட்பாரத்தில் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். அந்த நேரம் எதிர்ப்பக்கத்தில் ஒரு ரயில் வந்து நின்றது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களுமாகப் பிளாட்பாரம் கொதித்தது. மகள் எழுந்து நின்றாள். கால் விரலில் எம்பிப் பார்த்தாள். நரைத்த தலைகள், துணிப்பைகள், தோள்கள், பெட்டிகள். அவள் சின்ன வயதிலிருந்து பார்த்த அப்பா சாம்பல் நிறச் சட்டைக்காரர். அவள் கண் தானாகச் சாம்பல் நிறங்களாகவே தேடிப் போயிற்று, அங்கே சாம்பல் நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒருவரைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டிவிட்டாள். அவர் வேறு யாரோ.

"எங்க போனாருன்னு தெரியலையே. நீ எழுந்திருக்காதேம்மா. என் கையைப் பிடிச்சுக்கோ." குரலில் பதற்றம் ஏறியிருந்தது.

அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கழுத்தைக்கூட அதிகம் திருப்பவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தார்.

"நீ எதுக்கு அலையுற? அதோ வர்றாரு பாரு உங்கப்பா."

மகள் அம்மாவின் விரல் காட்டிய பக்கம் பார்த்தாள். அத்தனை தோள்களுக்கும் நடுவில், டீக்கடைக்கும் எடை மெஷினுக்கும் இடையில், ஒரு துண்டு ஆரஞ்சு மறைந்து மறைந்து வந்துகொண்டிருந்தது. அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மாவின் கை இன்னும் அவள் மணிக்கட்டில் இருந்தது.

கலர்க்காரர் வந்து சேர்ந்தார். பாட்டில் இருந்தது, மீதிச் சில்லறையை எந்தப் பையில் வைத்தார் என்று தெரியவில்லை. தடவிக்கொண்டே நின்றார்.

"அப்பா."

"என்னம்மா?"

"அந்தத் துணி இன்னும் கிடைக்குமா?"

"எதுக்கு?"

"பண்டிகை லீவுக்கு நீங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வருவீங்கல்ல, அப்ப எனக்கும் அதுல ஒரு சட்டை வேணும். லீவு முடிஞ்சதும் உங்க ரெண்டு பேரையும் நானே இங்க கொண்டுவந்து விட்டுடுறேன்."

கலர்க்காரர் சில்லறையைத் தேடுவதை விட்டார். பிறகு அந்த ஆரஞ்சில் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு மஞ்சள், ஏன் அது துவைத்தாலும் மங்காது என்றெல்லாம் மகளுக்கு விளக்க ஆரம்பித்தார். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கேட்கவில்லை. அவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார், தோளில் கிடந்த சால்வையின் நுனியை எடுத்தார், தன் பக்கத்தில் காலியான இடத்தைத் தூசி போகத் துடைத்துவிட்டு, அங்கே உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.